ரெண்டு ஓட்டு யாருக்கு? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்க தளத்த நாலஞ்சு வருசமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவ. ஒரு கல்லூரில பொருளாதாரம் நடத்துறேன். போன வாரம் வகுப்புல தேர்தல் பத்தி பேச்சு வந்துச்சு. ஒரு பையன் எந்திரிச்சு, "சார், பட்ஜெட்னா என்னன்னே தெரியாதவங்க ஓட்டுக்கும் உங்க ஓட்டுக்கும் ஒரே மதிப்பா? இது எப்படி சார் நியாயம்?"னு கேட்டான். வகுப்பே கை தட்டுச்சு. எனக்கு பதில் வரல, ஏன்னா உள்ளுக்குள்ள நானும் ரொம்ப நாளா அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன்.

வண்டி ஓட்ட லைசென்ஸ் கேக்குறோம், ஊசி போட படிப்பு கேக்குறோம், ஒரு நாட்ட யார் நடத்தணும்னு முடிவு பண்றதுக்கு மட்டும் வயசு ஆனா போதுமா? காசு வாங்கிட்டு குத்துறாங்க, சாதி பாத்து குத்துறாங்க, மூஞ்சி பாத்து குத்துறாங்க. ஹரியானாவுல பஞ்சாயத்து தேர்தல்ல நிக்கவே பள்ளிப்படிப்பு வேணும்னு சட்டம் வந்துச்சு, உச்ச நீதிமன்றமும் சரின்னு சொல்லிருச்சு. நிக்கிறவங்களுக்கு சரின்னா போடுறவங்களுக்கு ஏன் கூடாது? யார் ஓட்டையும் புடுங்கணும்னு சொல்லல. படிச்சவங்களுக்கு ரெண்டு ஓட்டுன்னு வச்சா என்ன தப்பு?

எங்க அம்மா ஒரு எழுத்து படிச்சதில்ல. அவங்கள மட்டம் தட்டுறதா நெனச்சுறாதீங்க. நான் யோசிக்கிறது தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லுங்க.

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

*

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்து பத்து நாள் ஆச்சு. உடனே எழுதிருக்கலாம், ஆனா இந்தக் கேள்விக்கு கோவத்துல பதில் சொன்னா தப்பாயிரும்னு தோணுச்சு, அதான் ஆறப்போட்டேன். உங்க வயசுல நானும் இப்படித்தான் நெனச்சேன். உங்கள விட மோசமா, ரெண்டு ஓட்டு கூட இல்ல, படிக்காதவங்களுக்கு ஓட்டே வேணாம்னு நண்பர்கள்ட்ட சண்டை போட்டிருக்கேன். அதனால இத மேல இருந்து சொல்ற அறிவுரையா எடுத்துக்காதீங்க.

முதல்ல உங்க யோசனை புதுசு இல்ல. 1861லயே ஜான் ஸ்டூவர்ட் மில்ங்கிற ஆங்கிலத் தத்துவ அறிஞர் இதத்தான் சொன்னார். அவர் சாதாரண ஆள் இல்ல, பெண்களுக்கு ஓட்டு வேணும்னு பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல 1860கள்லயே பேசுன மனுசன். அவரே, பொதுவா எல்லாருக்கும் ஓட்டு வேணும், ஆனா படிச்சவங்களுக்கும் மூளை உழைப்பு செய்றவங்களுக்கும் கூடுதல் ஓட்டு வேணும், எழுதப் படிக்க கணக்குப் போட தெரியாதவங்களுக்கு ஓட்டு கூடாதுன்னு எழுதினார். நல்ல எண்ணத்துல சொன்னதுதான். பிரிட்டன்ல பட்டதாரிகளுக்கு பல்கலைக்கழகத் தொகுதின்னு தனியாவே இருந்துச்சு, ஊர்ல ஒரு ஓட்டு, பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஓட்டு. 1948ல சட்டம் போட்டு அத எடுத்தாங்க. நீங்க கேக்குற ரெண்டு ஓட்டு நெஜமாவே நடந்து பாத்த விசயம்.

மில் நல்ல எண்ணத்துல சொன்னத கெட்ட எண்ணத்துல செஞ்சவங்க அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல இருந்தாங்க. மிசிசிப்பில 1890ல அரசியல் சட்டத்துலயே எழுதினாங்க: சட்டத்தோட ஒரு பகுதிய படிச்சுக் காட்டணும், இல்ல படிக்கக் கேட்டு அர்த்தம் சொல்லணும், அப்பதான் ஓட்டு. சரியா சொன்னாரா இல்லையான்னு முடிவு பண்றது யாரு? பதிவு பண்ற அதிகாரி. வெள்ளக்காரர் எது சொன்னாலும் சரி, கறுப்பினத்தவர் எது சொன்னாலும் தப்பு. லூயிசியானால 1896ல ஏறக்குறைய 1,30,000 கறுப்பினத்தவர் வாக்காளர் பட்டியல்ல இருந்தாங்க. 1898ல எழுத்தறிவு, சொத்து நிபந்தனையெல்லாம் புது அரசியல் சட்டத்துல கொண்டு வந்தாங்க, 1904ல பட்டியல்ல மிச்சம் இருந்தது 1,342 பேர். இது அப்படியே அறுபது வருசம் ஓடுச்சு, 1965ல வாக்குரிமைச் சட்டம் வந்தப்புறம்தான் ஒடஞ்சுது. நீங்க அப்படி நெனச்சு கேக்கலன்னு தெரியும். ஆனா அறிவ அளக்குற தராசுன்னு ஒண்ணு வச்சா அத ஒருத்தர் கைல குடுக்கணும், அந்த ஆள் தேர்தல்ல சம்பந்தப்பட்டவராத்தான் இருப்பார். இத யோசிக்காம ரெண்டு ஓட்டு பத்தி பேசவே முடியாது.

சரி, இது நடைமுறைச் சிக்கல்தானே, அடிப்படையில படிச்சவங்க நல்லா ஓட்டு போடுவாங்கல்லன்னு நீங்க கேப்பீங்க. அங்கதான் எனக்கு எண்ணம் மாறுச்சு.

ஜெர்மனிய எடுத்துக்கங்க. 1930ல உலகத்துலயே நல்லா படிச்ச சமூகங்கள்ல ஒண்ணு அது, அறிவியல் நோபல்னா அங்கதான் போகும். அங்க 1931லயே, அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே, நாடு முழுக்க இருந்த மாணவர் சங்கக் கூட்டமைப்பு நாஜி மாணவர்கள் கைக்குப் போயிருச்சு. துப்பாக்கி வச்சு மிரட்டிப் புடிக்கல, பல்கலைக்கழக மாணவர் தேர்தல்கள்ல ஓட்டு வாங்கித்தான். 1933 மே 10 ராத்திரி புத்தகங்கள எரிச்சாங்களே, அத ஏற்பாடு பண்ணது அந்த மாணவர் அமைப்புதான், பேராசிரியர்கள் வந்து பேசினாங்க. பின்னாடி டாக்டர்கள்ல ஏறத்தாழ பாதிப் பேர் நாஜிக் கட்சில சேந்தாங்க. படிப்பு இவங்களத் தடுக்கல. படிக்காதவங்க எல்லாம் அந்தப் பக்கம் போகலைன்னும் நான் சொல்லல, எல்லாத் தரப்பும் போட்ட ஓட்டுதான் அது. படிப்பு ஒரு தடுப்பூசி மாதிரி வேலை செஞ்சிருக்கணும்ல, செய்யல. அது ஏன்ங்கிறதுதான் என்னைத் தூங்க விடாத கேள்வி.

அதுக்குப் பாதி பதில் எனக்கு 2013ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல கெடச்சுது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆளுங்களக் கூப்பிட்டு முதல்ல அவங்க கணக்குத் திறமைய அளந்தாங்க. அப்புறம் ஒரு சின்ன அட்டவணை, நாலே எண். பாதிப் பேருக்கு அது தோல் அரிப்புக்கான ஒரு களிம்பு வேலை செய்யுதா இல்லையாங்கிற அட்டவணை. எண்கள மேலோட்டமா பாத்தா ஒரு பதில் வரும், விகிதம் போட்டுப் பாத்தா நேர் எதிர் பதில் வரும். எதிர்பார்த்த மாதிரியே கணக்கு நல்லா வர்றவங்க சரியா சொன்னாங்க. மீதிப் பேருக்கு அதே எண்கள், தலைப்ப மட்டும் மாத்திட்டாங்க: துப்பாக்கிக் கட்டுப்பாடு குற்றத்தக் குறைக்குதா கூட்டுதா. இப்ப என்ன ஆச்சுன்னா, கணக்கு நல்லா வர்றவங்க, எண்கள் தன்னோட கட்சிக்கு சாதகமா இருந்தா சரியா போட்டாங்க, எதிரா இருந்தா மேலோட்டமா பாத்து தப்பான பதிலோட நின்னுட்டாங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் அப்படித்தான். இதுல முக்கியமான இடம், கணக்குல கெட்டிக்காரங்கள்ட்டதான் கட்சி வாரியான இடைவெளி பெருசா இருந்துச்சு, கணக்கு வராதவங்கள்ட்ட சின்னதா இருந்துச்சு.

தம்பி, இத முதல் தடவ படிச்சப்ப எனக்கு அடி வயித்துல என்னவோ செஞ்சுது, ஏன்னா அது நான்தான். எனக்குப் புடிக்காத கட்சி ஒரு புள்ளிவிவரம் குடுத்தா அடிப்படை வருசம் என்ன, மாதிரி எத்தன பேருன்னு தோண்டித் துருவுவேன். எனக்குப் புடிச்சவங்க குடுத்தா அப்படியே நாலு பேருக்கு அனுப்பிருவேன். படிப்பு எனக்குக் குடுத்தது ஒரு வக்கீல, ஒரு நீதிபதிய இல்ல. முன்னாடியே முடிவு பண்ணத நிரூபிக்க ஒரு திறமையான வக்கீல்.

இதோட இன்னொரு விசயம் சேருது. நீங்க பொருளாதாரம்ங்கறதால கொண்டோர்சே தேற்றம் தெரிஞ்சிருக்கும், மத்த வாசகர்களுக்காகச் சொல்றேன். 1785ல அந்தப் பிரெஞ்சுக் கணித அறிஞர் போட்ட கணக்கு: ரெண்டுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும், ஒவ்வொருத்தரும் சரியா சொல்ற வாய்ப்பு பாதிய விட ஒரு துளி கூட இருந்தா போதும், ஆள் கூடக் கூட பெரும்பான்மை சரியா இருக்குற வாய்ப்பு முழுமைய நெருங்கும். இதப் பாத்து உங்க பையன் சொல்வான், அதுக்குத்தான் சார் படிச்சவங்க வேணும், அவங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு கூட இருக்கும்னு. ஆனா அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கு, அத எல்லாரும் மறந்துருவாங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் போடக்கூடாது, தப்பு பண்ணாலும் அவங்கவங்க தப்ப அவங்கவங்க தனியா பண்ணணும். அப்பதான் தப்புகள் ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டுப் போகும். படிச்சவங்க நாம எப்படி இருக்கோம்? ஒரே மாதிரி பாடத்த ஒரே மாதிரி பரீட்சைக்குப் படிச்சு, ஒரே மாதிரி வேலைக்குப் போய், ஒரே நாலு சேனல் பாத்து, ஒரே செய்திய ஒரே குழுவுல பகிர்ந்துட்டு இருக்கோம். நாம தப்பு பண்ணா மொத்தமா ஒரே பக்கம் சாஞ்சு தப்பு பண்ணுவோம். அந்த மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு ஓட்டு குடுத்தா தப்பும் ரெண்டு மடங்கு ஆகுது.

லைசென்ஸ் விசயத்துக்கு வர்றேன், அதுதான் உங்க கடிதத்துலயே பலமான இடம். ஓட்டு போடுறவர் ஸ்டியரிங்கப் புடிக்கிறவர் இல்ல தம்பி. அவர் பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிறவர். ஓட்டுநர் ஒழுங்கா ஓட்டுறாரா, இவர வச்சுக்கலாமா எறக்கி விடலாமான்னு சொல்றதுதான் அவர் வேலை. கியர் எப்படிப் போடணும்னு தெரியாதவருக்கும் வண்டி பள்ளத்துல எறங்குனா தலை இடிக்கும். சொல்லப்போனா பின் சீட்ல இருக்கிறவருக்குத்தான் ரொம்ப இடிக்கும், முன்னாடி மெத்தை சீட்ல இருக்கிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய சாட்சி இருக்கு. 1951ல இந்தியாவுல எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். அந்த நெலமைல 17 கோடிக்கு மேல ஆளுக்கு ஓட்டக் குடுத்தாங்க, படிக்கத் தெரியாதவங்களுக்காக சின்னம் வச்சு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வச்சு. அப்பவும் இது வெளங்காதுன்னு சொன்னவங்க உண்டு. 1977க்கு வாங்க. நெருக்கடி நிலை முடிஞ்சு தேர்தல். உத்தரப் பிரதேசத்துல 85 தொகுதி, பீகார்ல 54, ரெண்டுமே நாட்டுல எழுத்தறிவு ரொம்பக் கொறஞ்ச மாநிலங்கள்ல சேந்தது. காங்கிரஸுக்கு அங்க கெடச்சது பூச்சியம், ஒண்ணு கூட இல்ல. பிரதமர் இந்திரா காந்தியே தன் தொகுதில தோத்தாங்க. அதே தேர்தல்ல நாட்டுலயே அதிகம் படிச்ச கேரளாவுல காங்கிரஸ் கூட்டணி 20க்கு 20 ஜெயிச்சுது.

இதக் காட்டி கேரளக்காரங்களுக்கு அறிவு இல்லைன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா உங்க பையன் சொன்னதத் திருப்பிப் போட்ட மாதிரி ஆயிரும். நெருக்கடி நிலை சமயத்துல, 1976–77 ஒரே வருசத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல கருத்தடை ஆபரேசன் நடந்துச்சு, அதுல கட்டாயப்படுத்திப் புடிச்சுட்டுப் போனது வடக்குல ஊர் ஊரா நடந்துச்சு. தெக்க அந்த அளவு இல்ல. வலி எங்க இருந்துச்சோ அங்க இருந்துதான் தீர்ப்பு வந்துச்சு. அரசியல் சட்டத்துல எந்தப் பிரிவு மீறப்பட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, யார எறக்கி விடணும்னு தெரிஞ்சுது. டில்லில அந்த ரெண்டு வருசம் எத்தன படிச்சவங்க ரயில் நேரத்துக்கு ஓடுது, ஆபீஸ்ல எல்லாரும் நேரத்துக்கு வர்றாங்கன்னு சந்தோசப்பட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பிரேசில் கதை இன்னும் நல்லாருக்கும், நீங்க வகுப்புல நடத்தவே செய்யலாம். அங்க எழுத்தறிவு இல்லாதவங்களுக்கு 1985 வரைக்கும் ஓட்டே கெடையாது. 85ல குடுத்தாங்க, ஆனா ஓட்டுச் சீட்டுல வேட்பாளர் பேரையோ நம்பரையோ கையால எழுதணும். அதனால உரிமை இருந்தும் ஏகப்பட்ட ஏழைங்களோட ஓட்டு செல்லாத ஓட்டாப் போச்சு. 1998 மாநிலத் தேர்தல்ல மின்னணு இயந்திரம் பரவலா வந்துச்சு, நம்பர அமுக்கினா வேட்பாளர் போட்டோ திரைல வரும், சரின்னா பச்சைப் பொத்தான். ஆனா இயந்திரம் பத்தல, அதனால 40,500 வாக்காளருக்கு மேல இருந்த நகராட்சிகளுக்கு மட்டும் குடுத்தாங்க, சின்ன ஊர்களுக்கு அடுத்த தேர்தல்லதான். இதுனால ஆய்வாளர்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க ஒரு அருமையான வாய்ப்பு கெடச்சுது. திடீர்னு பெரும்பாலும் படிக்காதவங்களோட ஓட்டு பத்துல ஒரு பங்குக்கு மேல புதுசா எண்ணிக்கைல சேந்துச்சு. உங்க பையன் கணக்குப்படி ஆட்சி கெட்டுப் போயிருக்கணும். நடந்தது என்னன்னா, மாநில அரசுகள் பொது சுகாதாரத்துக்குச் செலவு பண்றது கூடுச்சு, படிக்காத தாய்மார்கள் கர்ப்ப காலத்துல டாக்டர்ட்ட போறது கூடுச்சு, அவங்களுக்கு எடை கம்மியாப் பொறக்குற கொழந்தைங்க கொறஞ்சாங்க. ஓட்டு எண்ணப்பட்டதும் அந்தக் கொழந்தைங்க அரசாங்கத்துக் கண்ணுல பட ஆரம்பிச்சாங்க. இந்த ஒரு ஆய்வ எத்தன தடவ படிச்சாலும் எனக்கு மனசு நெறஞ்சிரும்.

காசு வாங்கிட்டுப் போடுறது பத்தி நீளமா எழுத விருப்பமில்ல. அது தப்புதான், சந்தேகமே இல்ல. ஆனா வாங்குன எல்லாரும் அங்கதான் போடுறாங்கன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, ரகசிய ஓட்டு அதுக்குத்தான் இருக்கு. அப்புறம், குடுக்குறவர், அதத் திட்டம் போட்டுக் கணக்கெழுதுறவர் எல்லாம் படிச்சவங்கதான். சாதி பாத்துப் போடுறதுல படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் நான் பெரிய வித்தியாசம் பாத்ததில்ல, நீங்க பாத்திருந்தா எழுதுங்க.

ஹரியானா சட்டம் 2015. பொதுப் பிரிவு ஆண்கள் பத்தாவது முடிச்சிருக்கணும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கொஞ்சம் கொறச்சு வச்சாங்க. அந்த வருச டிசம்பர்லயே உச்ச நீதிமன்றம் அத சரின்னு சொல்லிருச்சு, நல்லது கெட்டதப் பிரிச்சறியிற சக்திய மனுசனுக்குக் குடுக்குறது கல்வி மட்டும்தான்ங்கிற கருத்து அந்தத் தீர்ப்புல இருக்கு. தீர்ப்ப மதிச்சே சொல்றேன், அந்த வரிய என்னால ஏத்துக்க முடியல. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, அம்பது வயசுல வந்து நீ ஏன் படிக்கலைன்னு கேட்டு அந்தம்மாவ வெளிய நிறுத்துது. ராஜஸ்தான்ல இதே மாதிரி நிபந்தனை கொண்டு வந்து 2019ல நீக்கிட்டாங்க.

இவ்வளவும் சொன்னதால படிப்பு வேணாம்னு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, எனக்குப் படிப்பு மேல இருக்குற பாசம் உங்களுக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவர ஏமாத்துறது ரொம்ப சுலபம், மனு எழுத இன்னொருத்தர் கால்ல விழணும், யார்ட்ட கேக்கணும்னே தெரியாது. வலி எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த வலிக்கு யார் காரணம்னு கண்டுபிடிக்கத் தகவல் வேணும், அங்கதான் ஜனங்க தப்பு பண்றாங்க, மழை பெய்யலைன்னாலும் ஆட்சிய மாத்துறாங்க, மேல இருக்குறவர் பண்ண தப்புக்குக் கீழ இருக்குறவர எறக்குறாங்க. அந்தத் தகவலப் படிப்பு தானா குடுத்துராது. நான் ரெண்டு பட்டம் வாங்குனவன், அமெரிக்க செனட் எப்படி வேலை செய்யுதுன்னு அரை மணி நேரம் பேசுவேன், ஆனா போன உள்ளாட்சித் தேர்தல்ல என் வார்டு கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கு, எவ்வளவு நிதி வருதுன்னு தெரியாமத்தான் ஓட்டு போட்டேன். அன்னிக்கு வரிசைல எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மாவுக்கு சாக்கடை வேலைக்கு யார் கையெழுத்து போடணும், ஃபைல் எந்த மேசைல நிக்குதுங்கிறது வரைக்கும் தெரிஞ்சுது, ஏன்னா அவங்க வீட்டு வாசல்லதான் அந்தத் தண்ணி நிக்குது. அந்தத் தேர்தலப் பொறுத்தவரைக்கும் படிச்சவங்க அவங்கதான்.

பட்ஜெட் தெரியாதவங்கன்னு அந்தப் பையன் சொன்னான்ல, அவனுக்கு இதச் சொல்லுங்க. ராஜஸ்தான்ல 1990ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்னு ஒரு அமைப்பு தொடங்குச்சு, அதுல பாதிக்கு மேல கூலி வேலை செய்றவங்க, விவசாயிங்க, நெறைய பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரசாங்கம் நடத்துன பஞ்ச நிவாரண வேலைல முழு நாள் ஒழச்சும் கொறஞ்ச கூலி குடுத்தாங்க, கேட்டா நீ வேலை செஞ்சதாப் பதிவுல இல்லைன்னாங்க. அப்ப அவங்க கேட்டது ஒண்ணுதான்: அந்தப் பதிவேட்டக் காட்டு. 1994 டிசம்பர்ல முதல் பொது விசாரணை வச்சாங்க. ஊர் நடுவுல உக்காந்து வருகைப் பதிவேட்ட, பில்ல, வவுச்சர சத்தமா வாசிக்க வாசிக்க, கேட்டுட்டு இருந்தவங்க எந்திரிச்சு இந்தாளு செத்து வருசமாச்சு, இந்தாளு ஊர்லயே இல்ல, இந்தச் செவுரு கட்டவே இல்லைன்னு சொன்னாங்க. 1996ல பியாவர்ங்கிற ஊர்ல 40 நாள் தர்ணா உக்காந்தாங்க, எங்க பணம் எங்க கணக்குன்னு. 2000ல ராஜஸ்தான்ல தகவல் உரிமைச் சட்டம் வந்துச்சு, 2005ல நாடு முழுக்க. இன்னிக்கு நீங்களும் நானும் பத்து ரூபா கட்டி பெரும்பாலான அரசு ஆபீஸ்கள்ல கணக்கு கேக்க முடியுதே, அந்த உரிமைக்கு வழி போட்டவங்கள்ல பட்ஜெட்னா என்னன்னு பரீட்சை எழுதாத அந்தக் கூலிக்காரங்களும் இருக்காங்க.

உங்க வகுப்புல எத்தன பேர் இதுவரைக்கும் ஒரு தகவல் உரிமை மனு போட்டிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. போடாதவங்க இந்த செமஸ்டர்ல ஆளுக்கு ஒண்ணு போடட்டும், அவங்க ஊர் உள்ளாட்சி நிதி போன வருசம் எதுக்குச் செலவாச்சுன்னு. பதில் வந்ததும் அத எடுத்துட்டுப் போய் உங்க அம்மா மாதிரி ஒருத்தர்ட்ட, படிக்கத் தெரியாத ஒருத்தர்ட்ட, வரி வரியா வாசிச்சுக் காட்டட்டும். எது பொய்க்கணக்குன்னு யார் முதல்ல கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு எழுதுங்க, வாசகர்களுக்காக இங்கயே போடுறேன்.

அன்புடன்,
அண்ணன்